ஊன் வாணிபமும் உயிர்க் கணக்கும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலையை ஒட்டி அமைந்துள்ள இரமணாசிரமத்திற்குச் செல்வோர், அங்கு ஒருபுறம் சில விலங்குகளின் சமாதிகளைக் காண்பர். மான் ஒன்றும், காகம் ஒன்றும், நாய் ஒன்றும், இலட்சுமி என்னும் பசுவும் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளன. இவற்றுள் இலட்சுமியின் வாழ்க்கை தெளிவாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. 1926ஆம் ஆண்டில் குடியாத்தத்தை அடுத்த குமாரமங்கலத்து அன்பர் ஒருவர் அதனைக் கன்றாகத் தாய்ப்பசுவுடன் கொணர்ந்து ஆசிரமத்திற்கு அளித்தார். 1948ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் அது உயிர் நீத்தது. இரமணர் அதன் நினைவாகத் தமிழில் பாடல் ஒன்றும் இயற்றினார். ஒரு பசு எங்கிருந்து வந்தது, யார் அளித்தார், எங்கு வளர்ந்தது, என்று மடிந்தது என்னும் செய்திகள் யாவும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகப் பேணப்பட்டு வருகின்றன.

இன்று உலகில் கோடிக்கணக்கான மாடுகளுக்கு இத்தகைய வாழ்க்கைக் குறிப்பு உண்டு. பிறந்த நாள், பிறந்த பண்ணை, தாயின் எண், இடம் மாறிய தேதிகள், இறுதியில் வெட்டப்பட்ட கூடத்தின் எண் ஆகிய யாவும் கணிப்பொறியில் பதிவாகின்றன. உணவின் மூலத்தைத் தொடர்ந்து அறியும் முறை என்று இதனைக் கூறுவர். இம்முறை உலக இறைச்சி வாணிபத்தையே மாற்றியமைத்துள்ளது. இரண்டு பதிவேடுகளும் ஓர் உயிரைப் பற்றியவையே. ஒன்று அன்பினால் எழுதப்பட்டது. மற்றது விற்பனைக்காக எழுதப்பட்டது. கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட நாம் இந்த இரண்டாவது பதிவேட்டை எவ்வாறு நோக்குதல் வேண்டும்? ஊன் உண்ணாதவர்க்கு இதனோடு தொடர்பில்லை என்று விலகிவிடலாமா? இவ்வினாக்களை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கணக்கு பிறந்த கதை

இப்பதிவு முறை உயிரிரக்கத்தினால் தோன்றியதன்று, அச்சத்தினால் தோன்றியது. 1986ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் மாடுகளின் மூளையைக் கெடுக்கும் ஒரு நோய் கண்டறியப்பட்டது. மக்கள் அதனைப் பைத்தியமாட்டு நோய் என்றனர். வெட்டப்பட்ட விலங்குகளின் கழிவிறைச்சியையும் எலும்பையும் பொடியாக்கி மாட்டுத் தீவனத்தில் கலந்ததே அது பரவுதற்குக் காரணம் என ஆய்வாளர் கண்டனர். புல் உண்ணும் பிறவியை ஊன் உண்ணச் செய்தமையால் விளைந்த கேடு அது. அந்நாட்டில் மட்டும் 1,80,000க்கு மேற்பட்ட மாடுகள் அந்நோய்க்கு ஆளாயின.

1996ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், இந்நோய் இறைச்சி வழியாக மனிதரையும் பற்றியிருக்கக் கூடும் என அந்நாட்டரசு அறிவித்தது. ஒரு வாரத்திற்குள் ஐரோப்பிய ஒன்றியம் இங்கிலாந்தின் மாட்டிறைச்சி ஏற்றுமதி முழுவதையும் தடை செய்தது. மனிதரைப் பற்றிய அந்நோயால் அந்நாட்டில் 170க்கு மேற்பட்டோர் மாண்டனர். நோய் இல்லாத மாடுகளும் வயது கடந்தவை என்னும் ஒரே காரணத்திற்காகப் பல இலட்சக் கணக்கில் கொன்று எரிக்கப்பட்டன. உண்பதற்காகக் கொன்ற கூட்டம் ஒருபுறம் இருக்க, உண்ண இயலாது என்பதற்காகக் கொன்ற கூட்டமும் அதனோடு சேர்ந்தது.

இழந்த வாணிபத்தை மீட்பதற்கு ஒரே வழி, எந்த இறைச்சி எந்த மாட்டினுடையது என்று காட்டுவதாக இருந்தது. 1996இல் அந்நாட்டில் மாடுகளுக்குக் கடவுச்சீட்டு வழங்கும் முறை வந்தது. 1998இல் எல்லா மாடுகளின் நடமாட்டத்தையும் கணிப்பொறியில் பதியும் அமைப்பு உருவாயிற்று. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியம் விதி ஒன்று இயற்றி, ஒவ்வொரு மாட்டிற்கும் இரு காதுகளிலும் எண் பொறித்த வில்லை அணிவிக்கவும், இறைச்சிப் பொட்டலத்தின் மீது பிறந்த நாடு, வளர்ந்த நாடு, வெட்டிய நாடு ஆகியவற்றைக் குறிக்கவும் ஆணையிட்டது. உணவு வாணிபத்தில் ஈடுபடுவோர் ஒவ்வொருவரும் தாம் யாரிடம் வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்று காட்ட வேண்டும் என்னும் பொதுவிதி 2005 ஜனவரி முதல் அங்கு நடைமுறைக்கு வந்தது. 2001இல் அந்நோயைத் தன் மண்ணிற் கண்ட ஜப்பான், 2003இல் சட்டம் இயற்றி, ஒவ்வொரு மாட்டிற்கும் 10 இலக்க எண் அளித்தது. அங்கு கடையில் இறைச்சி வாங்குபவர் அந்த எண்ணைக் கொண்டு, அம்மாடு பிறந்த நாளையும் வளர்ந்த இடத்தையும் அறிந்து கொள்ளலாம்.

வாணிபத்தில் விளைந்த மாற்றம்

இதன்பின் உலகச் சந்தை இரு கூறாகப் பிரிந்தது எனலாம். எண்ணும் சான்றும் காட்டும் நாடுகள் செல்வ நாடுகளின் சந்தைக்குள் நுழைந்தன. காட்ட இயலாதவை வெளியே நின்றன. தென்னமெரிக்காவிலுள்ள உருகுவே என்னும் சிறு நாடு 2006இல் சட்டம் இயற்றித் தன் மாடுகள் ஒவ்வொன்றையும் பதியத் தொடங்கி, அதனையே தன் வாணிபத்தின் பெருமையாகக் கொண்டது. அமெரிக்காவில் 2003 டிசம்பரில் ஒரே ஒரு மாட்டில் நோய் காணப்பட்டதும் ஜப்பானும் தென்கொரியாவும் தம் வாயில்களை மூடின. பின்னர் அமெரிக்கா, இறைச்சியின் மேல் பிறந்த நாட்டைக் குறிக்க வேண்டும் என்று விதித்தபோது, அது தம் வாணிபத்திற்குத் தடை என்று கனடாவும் மெக்சிகோவும் உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்து வென்றன. 2015 டிசம்பரில் அமெரிக்கா மாட்டிறைச்சிக்கும் பன்றியிறைச்சிக்கும் அவ்விதியை நீக்கிவிட்டது. அறிந்துகொள்ளும் உரிமை வாணிபத்திற்கு உதவும்வரை போற்றப்படுவதும், இடையூறாகும்போது தள்ளப்படுவதும் இதனால் விளங்கும்.

நம் நாட்டின் நிலை யாது? பசு, காளை, கன்று ஆகியவற்றின் இறைச்சியை ஏற்றுமதி செய்யத் தடை உண்டு. ஆயினும் எலும்பு நீக்கிய எருமை இறைச்சியைப் பெருமளவில் அனுப்பும் நாடுகளுள் பாரதம் முன்னணியில் உள்ளது. 2014-15இல் ஏறத்தாழ 14.75 இலட்சம் டன் அனுப்பப்பட்டது. அகிம்சையின் பிறப்பிடம் என்று நாம் பெருமிதம் கொள்ளும் நாட்டின் கணக்கு இது. இங்குள்ள எருமைகள் பண்ணைகளில் பிறப்பவை அல்ல. ஒன்றிரண்டாக உழவர் வீடுகளில் பிறந்து, சந்தையும் தரகரும் கடந்து, பல கை மாறிச் செல்பவை. ஆதலின் பிறந்த தொழுவம்வரை தொடர்ந்து காட்டுவது அரிது. கோமாரி நோயும் சேர்ந்து, ஐரோப்பா, ஜப்பான் போன்ற சந்தைகள் நமக்கு மூடியே உள்ளன. வியட்நாம், மலேசியா, எகிப்து, இந்தோனேசியா போன்ற நாடுகளே நம் இறைச்சியை வாங்குகின்றன.

2019 செப்டம்பரில் தொடங்கிய தேசிய விலங்கு நோய்த் தடுப்புத் திட்டத்தின்கீழ் நம் மாடுகளின் காதுகளிலும் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லை ஏறியுள்ளது. நம் மாவட்டத்து ஊர்களிலும் இதனைக் காணாதார் இலர். தடுப்பூசி, சினையூட்டல், காப்பீடு ஆகியவற்றுக்கு இது உதவுகிறது. கோமாரியால் மாடுகள் வாய் புண்ணாகித் துன்புறுவதைக் கண்டவர் எவரும் அத்தடுப்பூசியைக் குறை கூறார். எனினும் நோய் நீங்கிய நாட்டின் இறைச்சிக்கு உலகச் சந்தை அகலத் திறக்கும் என்பதும் உண்மையே. நோயினின்று காக்கும் அதே எண், கொலைக்களத்திற்குரிய சான்றாகவும் ஆகலாம். ஒரே பொருள் ஒரு நோக்கில் நன்மையாகவும், மற்றொரு நோக்கில் தீமையாகவும் அமைவதை அநேகாந்தம் பயின்ற நாம் எளிதில் உணரலாம்.

பதிவேட்டில் இடம்பெறாதது

இம்முறையைப் புகழ்வோர் கூறும் காரணங்களை நாம் புறக்கணித்தல் கூடாது. இதனால் கலப்படம் பிடிபடுகிறது. 2013இல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சி என்று விற்கப்பட்டவற்றில் குதிரை இறைச்சி கலந்திருந்தது வெளிப்பட்டு, மக்கள் கொதித்தனர். நோய் பரவினால் விரைவில் கண்டு, தேவையின்றிப் பல மாடுகளைக் கொல்லாமல் தடுக்கவும் இம்முறை உதவும். எங்கே கொடுமை நிகழ்ந்தது என்று தேடவும் வழி உண்டு. இவை மெய்யே.

ஆனால் இப்பதிவேடு யாருக்காக எழுதப்பட்டது என்று நோக்குதல் வேண்டும். உண்பவனுடைய உடல்நலத்திற்காகவும், விற்பவனுடைய வருவாய்க்காகவும் எழுதப்பட்டது. வெட்டப்படும் உயிரின் பொருட்டு அதில் ஒரு வரியும் இல்லை. எங்கு பிறந்தது என்று இருக்கும். அஞ்சியதா என்று இராது. எத்தனை மணி நேரம் வண்டியில் சென்றது என்று இருக்கலாம்; நீர் வேட்கை எவ்வளவு என்று இராது. நம் ஆசாரியர் உமாஸ்வாமி, தத்துவார்த்த சூத்திரத்தில் கொல்லாமை விரதத்திற்குரிய குற்றங்களாகக் கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என ஐந்தினைக் கூறினார். இவை கொலைக்கு முன்னரே நிகழும் குற்றங்கள். உலக இறைச்சி வாணிபத்தில் ஒரு விலங்கு செல்லும் வழியெல்லாம் இவ்வைந்தும் நிற்கின்றன. அவர் வகுத்ததும் ஒரு பதிவேடே. அது விலங்கின் பக்கம் நின்று எழுதப்பட்டது.

மேலும், ஐம்பொறியும் மனமும் உடைய விலங்கும் நற்காட்சி பெறலாம், அணுவிரத நிலைவரை உயரலாம் என்பது நம் ஆகமக் கொள்கை. பகவான் மகாவீரரின் ஆன்மாவே முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்தபோது அறவுரை கேட்டுத் தெளிந்தது என்று புராணம் கூறும். காதில் எண் தாங்கி நிற்கும் எருமையும் வீடுபேற்றை நோக்கிய நெடுவழியில் நடக்கும் ஓர் ஆன்மாவே. அதன் பயணத்தில் நாம் பதிந்து வைத்திருப்பதோ ஒரு சில ஆண்டுகள் மட்டுமே.

அறியாமை காக்குமா?

இனி, அறத்தின் மையமான வினாவிற்கு வருவோம். கொன்றவன் ஒருவன்; விற்றவன் ஒருவன்; ஏற்றியவன் ஒருவன்; உண்டவன் கடலுக்கு அப்பால் ஒருவன். இவர்களுள் பாவம் யாரைச் சாரும்? நான் கொல்லவில்லை, கொல்லச் சொல்லவும் இல்லை, எங்கிருந்து வந்ததென்றும் அறியேன் என்று உண்பவன் கூறலாம் அன்றோ?

இவ்வினா பழமையானது. தனக்கென்று கொல்லப்பட்டதைக் காணாமலும், கேளாமலும், ஐயுறாமலும் பெற்ற ஊனைத் துறவியர் ஏற்கலாம் என்பது பௌத்த மரபில் இருந்த விதி. நம் தமிழ்ச் சமண நூலாகிய நீலகேசி பௌத்தரோடு நடத்தும் வாதங்களில் ஊன் உண்ணல் பற்றிய தருக்கம் சிறப்பிடம் பெறுகிறது. உண்பவர் இல்லையாயின் விலைக்கு ஊன் தருவார் இல்லை என்னும் கருத்தை வள்ளுவர் புலால் மறுத்தலில் 256ஆம் குறளில் நிலைநாட்டினார். வாங்குபவனது விருப்பமே கொல்பவனது கத்தியை இயக்குகிறது என்பதே இதன் உட்பொருள். இன்றைய பொருளியலார் தேவையும் வழங்கலும் என்று கூறுவதை அவர் அறத்தின் மொழியில் கூறினார்.

நம் ஆசாரியர்கள் இதனை மேலும் நுணுக்கமாக ஆய்ந்தனர். தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்தவரை உடன்படல் என்னும் மூன்று. மனம், மொழி, மெய் என்னும் மூன்று. எண்ணுதல், கருவி திரட்டுதல், தொடங்குதல் என்னும் மூன்று. சினம், செருக்கு, வஞ்சம், உலோபம் என்னும் நான்கு. இவற்றைப் பெருக்க 108 வாயில்கள் வரும். வினை இந்த 108 வாயில்களுள் எதன் வழியேனும் உயிரை வந்தடையும். ஒருவர் செய்யும் கொலையின் பயன் பலரைச் சார்வதும் உண்டென அமிருதசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் ஆராய்ந்துள்ளார். ஐரோப்பிய விதி, வாங்கியவரையும் விற்றவரையும் மட்டுமே ஒரு படி பின்னும் ஒரு படி முன்னும் கேட்கிறது. நம் வினைக்கொள்கையோ மனத்தின் உடன்பாடு வரை சென்று கேட்கிறது.

புதிய முறை இங்கு ஒரு பேருண்மையை, தான் விரும்பாமலேயே, வெளிப்படுத்திவிட்டது. அறியேன் என்னும் சொல்லுக்கு இனி இடமில்லை. பொட்டலத்தின் மேல் உள்ள எண், இது இன்ன நாளில் பிறந்த, இன்ன தாயின் கன்று என்று சொல்கிறது. அறிந்த பின்னும் உண்பவன், அறியாமல் உண்டவனைவிடத் தெளிந்த மனத்தோடு உடன்படுகிறான். அறிவு வளர்ந்தால் பொறுப்பும் வளர்தல் வேண்டும். அறிவு வளர்ந்து பொறுப்பு வளராத இடத்தில், பதிவேடு மனச்சான்றைத் தூங்க வைக்கும் தாலாட்டாகிவிடும். நம்பகமான இறைச்சி, சான்று பெற்ற இறைச்சி என்னும் சொற்கள் அத்தகையவை.

தொழுவம்வரை வரும் தடம்

இத்துடன் நிறுத்தினால் நாம் பிறரைக் குறை கூறியவர் ஆவோம். தடத்தைப் பின்னோக்கிப் பிடித்துச் சென்றால் அது எங்கே முடிகிறது? நம் தொழுவத்தில் முடிகிறது. ஏற்றுமதியாகும் எருமை பாலுக்காக வளர்க்கப்பட்ட எருமையே. 2019ஆம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் எருமைகள் ஏறத்தாழ 10.98 கோடி. அவற்றுள் பெண் எருமைகள் 10 கோடிக்குச் சற்று மேல். கடாக்கள் ஒரு கோடிக்கும் குறைவு. இயற்கை ஆணும் பெண்ணும் ஏறத்தாழச் சமமாகவே பிறப்பிக்கிறது. எஞ்சிய கடாக்கள் எங்கே சென்றன? இவ்வினாவிற்கு விடை கூற எந்த எண்ணும் வேண்டியதில்லை.

நம் நயினார் குடும்பங்களில் பெரும்பாலானவை ஆரணி, போளூர், வந்தவாசிப் பகுதிகளில் உழவை நம்பி வாழ்ந்தவை. முன்பு காளைக்கன்றுக்கு ஏர் இருந்தது, வண்டி இருந்தது, கவலை இறைப்பும் இருந்தது. டிராக்டரும் மின்மோட்டாரும் வந்த பின் அதற்கு வேலையில்லை. பால் வற்றிய பசுவிற்கும் அதே நிலை. கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையிலோ, வேறு வாரச் சந்தையிலோ விற்கும்போது, உழவுக்கோ வளர்ப்புக்கோ போகிறது என்று எண்ணி மனம் ஆறுகிறோம். துண்டின் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுவது போலவே, அதன் பின்விளைவும் மறைவிலேயே இருந்துவிடுகிறது.

2017ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் நடுவணரசு சந்தை விதிகளை வெளியிட்டு, வெட்டுதற்காக அன்று என்னும் உறுதிமொழி இன்றிச் சந்தையில் மாடுகளை விற்கலாகாது என்றது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மே 30ஆம் நாள் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. உழவரின் பிழைப்பும், பிறரது உணவுரிமையும், தொழில் உரிமையும் அங்கு வாதிடப்பட்டன. அவ்வாதங்களை இகழ வேண்டுவதில்லை. வயது முதிர்ந்த மாட்டிற்குத் தீனி போட வழியில்லாத ஏழை உழவனை நோக்கிச் சட்டப் புத்தகத்தை நீட்டுவது அறமாகாது. அவனுக்கு வழிகாட்டாமல் கொல்லாமை பேசுவது எளிது. பிறர் மேல் விதியாகச் சுமத்தும்போது நிலைபெறாத ஒன்று, நம் மேல் விரதமாக ஏற்கும்போது நிலைபெறும். விரதத்திற்கு எந்த நீதிமன்றமும் தடை விதிப்பதில்லை.

நாம் கேட்கும் சான்று

மூலத்தை அறியும் உரிமையை நாமே வேண்டியும் பெற்றுள்ளோம். 2001 முதல் நம் நாட்டில் பொட்டல உணவுகளின் மேல் சைவ, அசைவக் குறியீடுகள் இடம்பெறுகின்றன. அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் தன் உருளைக்கிழங்கு வறுவலில் மாட்டிறைச்சிச் சாரம் கலந்ததை வெளிப்படக் கூறாமையால் எழுந்த வழக்கில், 2002இல் ஒரு கோடி டாலர் அளிக்க இசைந்தது. 2021 டிசம்பரில் டில்லி உயர்நீதிமன்றம், உணவில் சேரும் பொருள் எவ்வளவு சிறிதாயினும் அது தாவரத்தினின்று வந்ததா, விலங்கினின்று வந்ததா என்று வெளியிட வேண்டும் என்று கூறியது. நூடுல்ஸ் முதலியவற்றில் சுவைக்காகச் சேர்க்கும் டைசோடியம் இனோசினேட் போன்ற பொருள்கள் அவ்வழக்கில் பேசப்பட்டன.

நம் முனிவர்களின் கையிலுள்ள பீலியும் இவ்வகையில் ஒரு பாடமே. மயில் தானே உதிர்த்த இறகா, பறித்த இறகா என்று பார்த்தே அது கட்டப்படுதல் வேண்டும். பொருள் ஒன்றே, வந்த வழியே அதனைத் தூயதாகவோ மாசுடையதாகவோ ஆக்குகிறது. இந்தக் கேள்வியைப் பீலியோடு நிறுத்தாமல் பாலுக்கும், நெய்க்கும், பட்டுக்கும், தோல் செருப்புக்கும் நீட்டுவதே நம் முன் உள்ள கடமை.

இங்கு ஓர் ஐயம் எழலாம். எல்லாத் தடத்தையும் தேடிப் புறப்பட்டால் இல்லறத்தான் ஒரு வாய் சோறும் உண்ண இயலுமா? ஏர் முனையில் மாயும் உயிர்கள் எத்தனை? இதற்கும் நம் மரபில் விடை உண்டு. மீன் ஒன்றும் சிக்காத நாளிலும் வலை வீசியவன் கொலைஞனே. உழுகையில் உயிர்கள் மாயினும் உழவன் அத்தன்மையன் அல்லன் என்று சான்றோர் காட்டினர். கருத்தும் கவனமுமே அளவுகோல். முற்றத் துறத்தல் முனிவர்க்குரியது. இல்லறத்தார்க்கு அணுவிரதம் அமைந்தது. எனினும் அணு என்பது சிறிதளவே தவிர, ஒன்றுமின்மை அன்று. கை எட்டும் தூரம் வரையேனும் கேட்டல் வேண்டும்.

கை எட்டும் தூரத்தில் உள்ளவை சில. வீட்டில் வளர்க்கும் மாட்டை இறுதிவரை வைத்துக் காப்பாற்ற இயலுமாயின் விற்காதிருத்தல் ஒன்று. இயலாதவர்க்காக ஊர்தோறும் ஜினாலயத்தைச் சார்ந்து சிறு கோசாலை அமைத்து, வற்றிய பசுவையும் காளைக்கன்றையும் எருமைக் கடாவையும் ஏற்றல் இரண்டு. நோன்பு நிறைவிலும் திருமணத்திலும் செய்யும் ஆடம்பரச் செலவில் ஒரு பங்கைத் தீனிக்கென ஒதுக்கினால் இது இயலாததன்று. பால் வாங்குவோர், கன்று என்ன ஆயிற்று என்று ஒரு முறையேனும் பால்காரரைக் கேட்டல் மூன்று. விடை கிடைக்காத பாலைக் குறைத்துக் கொள்ளுதல் நான்கு. வாங்கும் பொட்டலத்தின் பின்புறத்தைப் படிக்கப் பிள்ளைகளைப் பழக்குதல் ஐந்து.

உலக நாடுகள் ஒரு விலங்கைப் பிறப்பிலிருந்து வெட்டுமேடை வரை தொடர்வதற்குப் பெரும்பொருள் செலவிடுகின்றன. அது பிறப்பிலிருந்து இயற்கை இறப்பு வரை தொடரத்தக்க உயிர் என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. மஞ்சள் வில்லையில் உள்ள 12 இலக்கங்களை அரசு எழுதியது. அதன் கடைசி வரியை எழுதும் உரிமை இன்னும் மாட்டை வைத்திருப்பவர் கையிலேயே உள்ளது. அதனை அருளோடு எழுதுவோமாக.

அறம் வளர்க! எவ்வுயிரும் இன்புற்று வாழ்க!